நான்கு நாசிலையும் மாற்றச் சொல்கிறார்களே, மாற்றலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். 2011 மாடல், நான்கு சிலிண்டர், பழைய வகை டீசல் பம்ப். நானே ஓட்டுகிறேன். சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்குகிறது, மிஸ் அடிக்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது. சூடேறியதும் அடங்கிவிடுகிறது, மேட்டில் மட்டும் இழுவை குறைவு. பம்பை இறக்கி, நான்கு நாசிலையும் மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் "எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லாமல் பம்பில் கை வைப்பது உங்கள் பணத்தில் நடத்தும் சோதனை.

முதலில் செலவில்லாதவை. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து டீசல் டியூப்கள். இத்தனை வயதான வண்டியில் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். டேங்கிலிருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே தெரிகிற டீசல் டியூப்பைப் பொருத்தி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி ஓடினால், நாசிலைத் தொடுமுன் டியூப்பையும் கிளிப்பையும் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

குமிழி இல்லையென்றால் சிலிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் பாகம் இன்ஜெக்டர், அதன் முனைதான் நாசில். குலுங்கும்போதே, ஐட்லிங்கில், ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறி, இன்ஜின் இன்னும் தடுமாறும். எதைத் தளர்த்தியும் எந்த மாற்றமும் தெரியவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டரோடு இடம் மாற்றி, புதுச் செம்பு வாஷர் போட்டு ஓட்ட வேண்டும். குறை இன்ஜெக்டரோடு இடம் மாறினால் அந்த ஒரு நாசில்தான் குற்றவாளி. அதே சிலிண்டரில் நின்றால் டேப்பட் இடைவெளியையும் (வால்வு இடைவெளி) கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) அளக்க வேண்டும். கம்ப்ரெஷன் போன சிலிண்டருக்கு எத்தனை புது நாசில் போட்டாலும் பயன் இல்லை. சூடேறினால் அடங்குகிறது என்கிறீர்களே, கம்ப்ரெஷன் குறைந்தாலும் அப்படி இருக்கலாம். அதனால் இந்த அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புகையையும் கவனியுங்கள். கண்ணை எரிக்கும் டீசல் நெடியோடு வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

நாசில்தான் என்று தெரிந்தாலும், டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்டரில் வைத்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பூவாகத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் முனையை மட்டும் மாற்றினால் போதும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் இல்லாமல் பணம் தராதீர்கள். வணிக வாகனம் என்று புகார் செய்யத் தயங்க வேண்டாம். சுயதொழிலாக, பிழைப்புக்காகவே பயன்படுத்த வாங்கும் பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: என் பிக்கப் 2017 மாடல், காமன் ரெயில். இதே முறையில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தப் பைப்பில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. உங்கள் வண்டியில் ஸ்கேனர் வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜின் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்று பார்க்கலாம். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டியூப்களைத் தனித்தனி பாட்டில்களில் விட்டு, எதில் அதிகம் நிறைகிறது என்றும் பார்க்கலாம். இன்ஜெக்டரை மாற்ற நேர்ந்தால் அதன் மேல் பொறித்த எண்ணை ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிய வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால், பதிந்ததை ஸ்கேனர் திரையில் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.