வயர்கார்டு இணைகிறது, பிங் போகிறது, வலைப்பக்கம் மட்டும் திறக்கவில்லை

வணக்கம். உபுண்டுவில் வயர்கார்டு என்ற விபிஎன் (தரவை மறையாக்கி ஒரு சேவையகம் வழியாக அனுப்பும் மென்பொருள்) இணைந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் பிங்கும் (சிறு சோதனைச் செய்தி) போகிறது, ஆனால் வீட்டு ஃபைபரில் மட்டும் பக்கங்கள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன, அலுவலகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் முகவரியாக மாறிவிடுவதால், அந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ் மீது குற்றமில்லை; அதை இனியும் மாற்றிப் பார்த்து நேரத்தை இழக்க வேண்டாம்.

சிறிய தரவுப் பொட்டலங்கள் போய், பெரியவை மட்டும் தொலைந்தால் பெரும்பாலும் எம்டியூ, அதாவது ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவுதான் காரணம். வயர்கார்டின் வழக்கமான எம்டியூ 1420 பைட். வெளியே, அதாவது உங்கள் கணினிக்கும் விபிஎன் சேவையகத்துக்கும் இடையே, ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) என்றால் அதன்மேல் 60 பைட்டும், ஐபிவி6 (புதிய முறை) என்றால் 80 பைட்டும் கூடும். வீட்டு ஃபைபர் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை வழியாக வந்தால் பொதுவாக 1492 பைட்தான் கொள்ளும் என்பதால், ஐபிவி4-இல் ஆகும் 1480 நுழைந்துவிடும், ஐபிவி6-இல் ஆகும் 1500 நுழையாது. வீட்டில் ஐபிவி6 இருந்து அலுவலகத்தில் இல்லையென்றால், நீங்கள் சொல்லும் வேறுபாடு அப்படியே விளங்கிவிடுகிறது.

விபிஎன்னை நிறுத்திவிட்டு, சேவையகத்தின் ஐபிவி6 முகவரிக்கு, பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு, முதலில் 1452 பைட் அளவிலும் பிறகு 1444 பைட் அளவிலும் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புப் பகுதிக்கு 48 பைட் சேர்ந்து அவை 1500, 1492 ஆகும். முன்னது தோற்றுப் பின்னது போனால், நெட்வொர்க் மேனேஜரில் அந்த வயர்கார்டு இணைப்பின் எம்டியூவை 1412 என்று மாற்றி, மீண்டும் இணையுங்கள். சேவையகமும் உங்கள் பொறுப்பில் இருந்தால் அங்கும் அதையே வையுங்கள். எக்காரணம் கொண்டும் 1280க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் சுரங்கத்துக்குள், அதாவது விபிஎன் வழியாக, ஐபிவி6 வேலை செய்யாது.