வரலாற்று நாவல்களில் எது உண்மை, எது கற்பனை என்று பிரித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமா?

முதல் வாசிப்பில் தேவையே இல்லை. குதிரை ஓடட்டும், ஓலை களவு போகட்டும், சுரங்கப் பாதையில் விளக்கு அணையட்டும். நீங்கள் பின்னாலேயே ஓடுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பிரித்துப் பாருங்கள். நாவலாசிரியரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதற்காக அல்ல. கல்வெட்டு எங்கே பேச்சை நிறுத்துகிறது, அவர் எங்கே பேசத் தொடங்குகிறார் என்று கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. அதற்காகத்தான்.

பலரும் படித்திருக்கக்கூடிய 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்கிறேன். (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.) கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய இந்தக் கதை, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரையோடு தொடங்குகிறது. இன்றைய வீராணம் ஏரிதான் அது. அதை அடுத்த காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவர்களுடைய நிலங்களும் உறவினர்களின் நிலங்களும் பறிமுதலானதைப் பற்றியது அந்த ஆணை. கதை தொடங்கும் ஏரிக்கரையும் கதையின் மையக் கொலைக்குச் சாட்சியான கல்லும் ஒரே ஊர்ப்பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அந்தக் கல்வெட்டு எதையெல்லாம் சொல்லவில்லை என்பதுதான் நாவலுக்கு முக்கியம். ஏன் கொன்றார்கள் என்று இல்லை. யார் தூண்டினார்கள் என்று இல்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே சுமார் 15 ஆண்டுகள், இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும், ஏன் சும்மா கழிந்தன என்பதும் இல்லை. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேசுவரனுக்கோ 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்' என்று சோழப் பெயரில் பட்டம். ஒரே குடும்பத்துச் சகோதரர்களுக்கு இரண்டு அரசுகளின் வாடையும் அடிக்கிறது! இந்த இடைவெளியில்தான் நந்தினி வந்து உட்காருகிறாள். அவள் முழுக்கக் கற்பனை. நந்தினி எந்தக் கோயிலைக் கட்டினாள் என்று உண்மையிலேயே கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வரவில்லை, ஒரு கதாபாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

காதல் பகுதிக்கு வருவோம். இராஜராஜனின் அக்கா குந்தவை, நாயகன் வந்தியத்தேவன் இருவருக்கும் ஆதாரம் உண்டா என்றால், உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவியார் என்கிறது. அவ்வளவுதான். அவன் வீரனா, வாயாடியா, ஏரிக்கரையில் நின்று ஏமாந்தவனா என்று அதில் ஒரு சொல் கிடையாது. கணவன் என்ற ஒரே குறிப்பிலிருந்து ஐந்து பாகங்களுக்கு ஒரு நாயகனை வளர்த்திருக்கிறார் கல்கி. குந்தவைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று தன் கொடைகளுக்கு அடுத்தபடியாக அக்காவின் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்கிறான் இராஜராஜன். மனைவியர் கொடுத்தவை அதற்குப் பிறகுதான் வருகின்றன. நாவலில் தம்பி அக்கா பேச்சைத் தட்டாதவனாக வருவது வெறும் கற்பனையில்லை என்று அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

சாகசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது? அந்தக் காலத்தில் ஒரு ரகசியம் குதிரையின் வேகத்தைத் தாண்டிப் பரவ முடியாது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் நின்றுபோகும். ஓலை கைமாறுவதும், ஓடக்காரன் தாமதிப்பதும், சத்திரத்தில் ஒட்டுக்கேட்பதும் கதையை நகர்த்தினால் அந்த ஆசிரியர் காலத்தை உணர்ந்து எழுதுகிறார் என்று நம்பலாம். காஞ்சியில் காலையில் நடந்தது தஞ்சையில் மாலைக்குள் தெரிந்துவிட்டால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய் வறுபட்டாலும் அப்படித்தான். மிளகாய் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகு இங்கே வந்த சரக்கு. நாயகியின் இடையை இரண்டு பக்கத்துக்கு வருணிப்பவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக எல்லோருக்கும் உரிமை உண்டு.

இன்னொன்று. இந்த வரலாற்று நாவல்களில் பெரும்பாலானவை வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டவை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு திடுக்கிடல் வருவது அதனால்தான். ஒரே மூச்சில் ஐந்து பாகத்தையும் படித்துவிட்டு "எப்போது பார்த்தாலும் யாராவது மரத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்" என்று சலித்துக்கொள்வது நியாயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு அத்தியாயங்கள் போதும்.

படித்து முடித்த பிறகு நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' நூலையும் சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையும் எடுத்து, ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய பக்கங்களை மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். சாஸ்திரியாரின் சந்தேகம் உத்தம சோழன் பக்கம் போகிறது. பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆதாரம் ஒன்று, முடிவு இரண்டு. அதன்பின் நாவலில் அந்தக் கொலை நடக்கும் கடம்பூர் மாளிகை அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். விளக்கு அணைந்த அந்த அறையில் கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லாமல் விட்டது எவ்வளவு சாமர்த்தியம் என்று அப்போது தெரியும்.