நெட்டில் (nettle) செடியின் கொத்தைக் காயவைத்தும் விதை உதிராதது ஏன்?

விதைக்காக நெட்டில் கொத்தைப் பறித்துக் காயவைத்துத் தேய்த்தும், சல்லடையில் தூசி மட்டுமே விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பறித்தது பெரும்பாலும் ஆண் செடியின் பூங்கொத்தாகத்தான் இருக்கும். அதில் விதையே உண்டாகாது என்பதால், எவ்வளவு காயவைத்துத் தேய்த்தாலும் சல்லடையில் நீங்கள் சொன்ன தூசிதான் விழும்.

இங்கிலாந்தின் வேலியோரங்களில் வளரும் நெட்டில், நம் ஊர்க் காஞ்சொறியைப் போலச் சுணையுள்ளது. ஆனால் அதில் ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும். நிலத்தடித் தண்டால் பரவுவதால், ஒரு புதர் முழுவதுமே ஆணாக அமைந்துவிடுவதுண்டு.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வேறு புதர்களைப் பாருங்கள். பெண் கொத்து பாரத்தால் தொங்கும். ஆண் கொத்து மெலிந்து பக்கவாட்டில் நீண்டு நிற்கும். கையுறை அணிந்து ஒரு கொத்தை நசுக்கினால், இரண்டு சிறு பச்சை இதழ்களுக்கு நடுவே எள்ளைவிடச் சிறிய, தட்டையான விதை தெரிய வேண்டும். பச்சையாக இருக்கும்போதே பறித்து, நிழலில் தாளின்மேல் பரப்பி உலர்த்துங்கள். காய்ந்த சுணையும் குத்தும். தேய்க்கும்போதும் கையுறை வேண்டும்.

இந்த விதை உங்கள் தந்தையாரின் சிறுநீரகக் குறைபாட்டுக்காக என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்பயன் மனிதரிடம் போதிய அளவு நிறுவப்படவில்லை. அவருடைய சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்க வேண்டாம். இப்போதைய மருந்துகளையும் தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.