சங்கத்துக்குச் சந்தா கட்டினால் சைரன் அலறாதா?

ராமநாதபுரம் கடலோரத்தில் அலாரமும் கேமராவும் மாட்டும் தொழிலாளர்கள் லாப நோக்கமில்லாத சங்கம் ஒன்று தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, இத்தொழிலில் மூத்த உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

செல்வம், உச்சிப்புளி: அண்ணே, வேலை செஞ்சோமா, கூலி வாங்குனோமான்னு இருக்கோம். நமக்கு எதுக்குச் சங்கம்?

தம்பி, 2025 ஏப்ரல் 9 முதல் புது சிசிடிவி கேமராவுக்கு அரசுப் பரிசோதனைக் கூடத்துச் சான்று வேணும்னு ஆயிருச்சு. அதைப் பத்திப் பெரிய கம்பெனிக்காரங்க டெல்லியில உட்கார்ந்து பேசினாங்க. பனைக்குளத்துல கடை வச்சிருக்கிறவனை யாரு கேட்டா? தனியாப் போனா வாட்ச்மேனே உள்ளே விடமாட்டான்.

ரஹ்மான், கீழக்கரை: காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நான் துபாயில இருக்கேன். பூட்டுன வீட்டுல ராத்திரி சைரன் அடிக்குது, போலீஸ் வரலை. சங்கம் வந்தா வருவாங்களா?

வரணும்னா முதல்ல நாம திருந்தணும் காக்கா. சென்சார் மேல பல்லி ஊர்ந்தாலும் சைரன் அடிக்குது, ஜன்னல் திரை ஆடினாலும் அடிக்குது. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற. வயர் மாட்டுற டெர்மினல் பச்சை பூத்து, கதவு காந்த சென்சார் சும்மாவே 'திறந்திருக்கு'ன்னு சொல்லும். நாலு தடவை ஓடி வந்து பல்லியைப் பார்த்துட்டுப் போன ஏட்டு அஞ்சாவது தடவை ஏன் வரப்போறாரு?

அமெரிக்காவுல இதே தொல்லைக்காக 'செக்யூரிட்டி இண்டஸ்ட்ரி அலாரம் கோலிஷன்' என்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு இருக்கு. தொழில்காரங்க கொடுக்கிற பணத்துலதான் நடக்குது. போலீஸோட மல்லுக்கு நிக்காம, சேர்ந்து உட்கார்ந்து பொய் அலாரத்தைக் குறைக்கிறதுதான் அதோட வேலை. அவங்க வலியுறுத்துற முறை சுலபமானது: அலாரம் அடிச்சதும் வீட்டுக்காரருக்கு ஒரு போன். எடுக்கலைன்னா வேற நம்பருக்கு இன்னொரு போன். அதுக்கப்புறம்தான் போலீஸ். உங்க வீட்டுக்கு ரெண்டாவது நம்பரா துபாய் நம்பரைக் கொடுக்காதீங்க. சாவி வச்சிருக்கிற மச்சானோட நம்பரைக் கொடுங்க.

முருகேசன், மண்டபம்: சர்வீஸ் சார்ஜ் இவ்வளவுதான்னு சங்கமே தீர்மானம் போட்டா என்ன?

போடக் கூடாது. எல்லாரும் கூடி விலை நிர்ணயிக்கிறது 2002ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டப்படி தப்பு, சங்கத்து பேர்ல செஞ்சாலும்தான். மினிட் புக்குல எழுதி வச்சா நாமே சாட்சியைத் தயார் பண்ணிக் கொடுத்த மாதிரி. தரத்தைப் பத்தித் தீர்மானம் போடுங்க: வெளியில மாட்டுற சைரனுக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ, தண்ணி புகாத பெட்டி, வருஷா வருஷம் பேட்டரி சோதனை.

கண்ணன், தேவிபட்டினம்: பதிவு பண்ண எத்தனை பேர் வேணும்? நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதியணும். வரிச்சலுகையை எதிர்பார்க்காதீங்க. சொந்தத் தொழிலுக்கான சங்கத்துக்குக் கொடுக்கிறதைப் பொதுவாத் தர்மமா எடுத்துக்க மாட்டாங்க. சந்தாவைத் தொழில் செலவா எழுதலாமான்னு ஆடிட்டரைக் கேளுங்க.

அதே கண்ணன்: ஒரு கேமரா கம்பெனி முழுச் செலவையும் ஏத்துக்கிறேங்கிறாங்களே?

மாநாட்டுக்குச் சாப்பாடு போட்டா சாப்பிடுங்க. ஆபீஸ் வாடகையைக் கட்ட விடாதீங்க. வாடகையை அவங்க கட்டினா, நாளைக்கு அவங்க கேமராவைப் பத்தி வர்ற புகாரை நீங்க எப்படி எடுப்பீங்க? சின்னக் கடைக்காரங்க மாசாமாசம் கொடுக்கிற சந்தா கம்மியா இருந்தாலும் அதுலதான் சங்கத்துக்கு வாய் இருக்கு.

ஜெயந்தி, தொண்டி: பழைய ஜிஎஸ்எம் அலாரப் பெட்டியில ஜியோ சிம் போட்டேன், எஸ்எம்எஸ்ஸே வரலை.

வராதும்மா. பழைய பெட்டி 2ஜி நெட்வொர்க்குலதான் வேலை செய்யும், ஜியோவுல 2ஜியே கிடையாது. 2ஜி இருக்கிற வேற கம்பெனி சிம் போடுங்க, இல்லாட்டி 4ஜி பெட்டிக்கு மாறுங்க. அமெரிக்காவுல 2022 பிப்ரவரியில ஏடி அண்ட் டி 3ஜியை நிறுத்தினப்போ, அலாரத் தொழில்காரங்க கமிட்டி அரசுகிட்ட அவகாசம் கேட்டு மனுப் போட்டாங்க. கேட்ட அவகாசம் கிடைக்கலை. இங்க 2ஜியை நிறுத்துற பேச்சு வந்தா நமக்காக மனு எழுத யாரு இருக்கான்னு செல்வம் தம்பியும் யோசிக்கட்டும்.

முருகேசன், மண்டபம்: எஸ்.பி. ஆபீஸுக்கு முதல் மனுவுல என்ன கேட்கலாம்?

ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க. ரெண்டு போன் போட்டுப் பார்த்துட்டுத்தான் நாங்க கூப்பிடுவோம்னு முதல் வரியிலேயே எழுதுங்க. அப்படிக் கூப்பிட்டா எந்த நம்பர்ல, யாரு எடுப்பாங்கன்னு ஸ்டேஷன் வாரியாக் கேளுங்க. பூட்டுன வீடுகளோட பட்டியலை வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம யார்கிட்டயும் கொடுக்காதீங்க. வாட்ஸ்அப் குரூப்புல போடவே போடாதீங்க.