நீல பல்பு ஏன் வெள்ளையாக விழுகிறது?

அன்புள்ள சார்,

நான் கல்லூரி மாணவன். படமெடுக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. விளக்கு அலங்காரம், ஊர்வலம், மேடை நிகழ்ச்சி என்று எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கையில் இருப்பது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். போன வாரம் ஒரு விளக்கு அலங்காரத்தில் 600 படங்கள் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. நேரில் கண்ணைப் பறித்த வண்ண விளக்குகள் எல்லாம் படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிகள். வானம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கூட வந்த நண்பன் செல்போனில் எடுத்தது என்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எஃப் 1.4 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கே மாற வேண்டுமா? படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு மாணவர்)

அன்புள்ள தம்பிக்கு,

600 படங்களையும் அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) என்ன, லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது என்பதெல்லாம் ஒவ்வொரு ஃபைலிலும் பதிந்திருக்கும். எங்கே தவறினோம் என்பதைச் சொல்ல அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. சாட்சியைத் தொலைத்துவிட்டுக் காரணம் கேட்கிறீர்கள். இனிமேல் கெட்டுப்போன படங்களை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

ஆனால் "வெறும் வெள்ளைப் புள்ளிகள்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். சில மாதங்களாகவே மாணவர்கள் அனுப்பும் இரவுப் படங்களில் இதே குறையைப் பார்க்கிறேன். எல்லோரும் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். விளக்கின் நிறம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் அது போய்விட்டதைக் கவனித்திருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

லென்ஸ் வேண்டாம். உங்கள் படம் கெட்டது வெளிச்சம் போதாமல் அல்ல, வெளிச்சம் மிஞ்சிப்போய். எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸ் அகலமாகத் திறக்கும், எஃப் 1.4 இன்னும் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃப்ரேம் பேச்சையும் இப்போதைக்கு விடுங்கள்.

நடந்தது இதுதான். படத்தில் முக்கால்வாசி இருட்டு. கேமராவின் மீட்டர் அந்த இருட்டை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. அதற்காக ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது, அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றுகிறது. இருட்டு தெளிகிறது, விளக்கு படத்தில் நிறமிழந்து வெளுத்து எரிந்துபோகிறது. ஒரு நீல எல்இடியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் நீலத்துக்கான புள்ளிகள் முதலில் நிரம்பிவிடும். பச்சை, சிவப்புக்கான வடிகட்டிகளும் நீலத்தைக் கொஞ்சம் கசியவிடுபவைதான். நீலம் நிரம்பி நின்றுவிட்ட பிறகும் இவை இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றும் ஒரே மட்டத்துக்கு வரும்போது அது வெள்ளை. அப்படிப்பட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல்பின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டும், அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு நீல வளையமும் இருக்கும். பல்பின் உண்மையான நிறத்தில் தப்பிப் பிழைத்தது அந்த வளையம் மட்டும்தான்.

"ஹிஸ்டோகிராம் பார்த்தேன், சரியாகத்தானே இருந்தது" என்பீர்கள். ஹிஸ்டோகிராம் என்பது படத்தின் இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டும் வரைபடம். ஒற்றை வெள்ளை மேடாக வரும் ஹிஸ்டோகிராம் இந்த இடத்தில் உங்களை ஏமாற்றும். வழக்கமான கணக்கில் பிரகாசம் என்பது பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. நீலம் மட்டும் உச்ச அளவான 255 வரை நிரம்பி நின்றாலும் அந்தக் கட்டத்தில் அது 29 என்றுதான் விழும், அதாவது இடது ஓரத்தில், நிழல்களோடு நிழலாக. முழுச் சிவப்பு 76. எச்சரிக்கையே வராது. ஆகவே கேமரா மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தின் நிறத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் பிக்சர் ஸ்டைலையும் நியூட்ரலில் வையுங்கள். ரா ஃபைல், அதாவது கேமரா சமைக்காத மூலப் பதிவு, எடுத்தாலும் திரையில் தெரிவது அந்த ஸ்டைலில் சமைத்த ஜேபெக்தான். நிறத்தைத் தூக்கலாக்கும் விவிட்டில் வைத்தால் நிறம் உண்மையில் நிரம்பும் முன்பே நிரம்பியதாகக் காட்டும்.

இனி செய்ய வேண்டியது. கேமராவை மேனுவலுக்குக் கொண்டுவாருங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, ஷட்டர் 1/50 வினாடி என்று தொடங்கி விளக்குகளை மட்டும் ஒரு படம் எடுங்கள். மூன்று நிறங்களில் எது வலது சுவரில் ஒட்டி நிற்கிறதோ, அது சுவரைவிட்டு இறங்கும் வரை ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். 100 வந்தும் இறங்கவில்லை என்றால் எஃப் 8. வெறும் எல்இடியின் நுனி எப்படியும் எரியத்தான் செய்யும், அதற்காகப் போராட வேண்டாம். அதன் பிளாஸ்டிக் மூடி, வெளிச்சம் விழும் துணி, பக்கத்து இலை, இவற்றில் நிறம் நின்றால் போதும். திரையில் படம் இருட்டாகத் தெரியும். பயந்துபோய் ஏற்றிவிடாதீர்கள். ரா ஃபைலில் நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கலாம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), எரிந்த இடத்தில் தூக்கவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. உங்கள் நண்பனின் செல்போன் ஜெயித்ததும் இந்த இடத்தில்தான். அது வேகமாகப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, விளக்கை எரியவிடாமல்.

"அப்படி எடுத்தால் வானம் இன்னும் கறுப்பாகுமே" என்றால், ஆமாம், ஆகும். ஏனென்றால் நீங்கள் போனதே தாமதம். விளக்குப் போட்டு, கூட்டம் சேர்ந்து, நன்றாக இருட்டியபின் கேமராவை எடுக்கிறீர்கள். அப்போது வானத்தில் ஒன்றுமில்லை, எந்த லென்ஸ் போட்டாலும் வராது. விளக்கின் பிரகாசம் மாலை ஆறரைக்கும் ஒன்றுதான், இரவு ஒன்பதுக்கும் ஒன்றுதான். மாறுவது வானம் மட்டும். ஆகவே விளக்குக்கான எக்ஸ்போஷரை, அதாவது ஐஎஸ்ஓ, எஃப், ஷட்டர் மூன்றையும், ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு அதைத் தொடாதீர்கள். வானம் அந்த அளவுக்கு இறங்கி வரட்டும், நீங்கள் காத்திருங்கள். முதலில் வானம் வெளிறி இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் அடர்நீலமாக விளக்கோடு பொருந்தி நிற்கும். பூமியின் சுழற்சியில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் அது ஏறக்குறைய நேர்கீழாக இறங்குவதால், சுமார் 25 நிமிடத்திலேயே அடிவானத்துக்கு 6 பாகை கீழே போய்விடும். அங்கே நல்ல நேரம் என்பது அஸ்தமனத்துக்குப் பின் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை. வடக்கே, தெற்கே போகப்போகச் சூரியன் சாய்வாக இறங்கும், நேரமும் நீளும். எங்கே எடுத்தாலும் அன்றைய அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் மாணவர்கள் எட்டு மணிக்குத்தான் போகிறார்கள்!

ஷட்டர் 1/50 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். மலிவான சீரியல் லைட்டுகளில் பாதி அலை மட்டுமே வேலை செய்வதால் 50 முறை. 1/500 வைத்தால் சில படங்களில் சரமே அணைந்திருக்கும். 1/50, 1/25 என்றால் ஒரு முழுச் சுற்றாவது உள்ளே வந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60, 1/30. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஓடும் விளக்கு என்றால் கேமராவை அசையாமல் வைத்து ஒரு வினாடி திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து காணாமல் போகும்.

லென்ஸ் முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பிரகாசமான பல்பு ஒவ்வொன்றும் அதில் பிரதிபலித்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில், தலைகீழாக, ஒரு பேய்ப் புள்ளியாக வந்து உட்காரும். லென்ஸில் விரல் பட்டு, அதை அரைகுறையாகத் துடைத்திருந்தால், துடைத்த திசைக்குக் குறுக்காக ஒளிக்கீற்று இழுக்கும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள்.

ஊர்வலம், மேடை பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: நடக்கிறவர்களுக்கு 1/125க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றுங்கள், படத்தில் பொடிப்பொடியாகக் குருணை விழுந்தால் விழட்டும். அசைந்த முகத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. கூட்டத்தில் ட்ரைபாட் விரிக்காதீர்கள், யாராவது தடுக்கி விழுவார்கள். குழந்தைகளை எடுக்கும் முன் கூட இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள்.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள். ரா ஃபைலைத் திறக்கிற எதுவாக இருந்தாலும் சரி.

அடுத்த விழா வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அறையில் ஒரு நீல எல்இடியை வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டுங்கள். எஃப் 5.6, 1/50 இரண்டையும் மாற்றாமல் ஐஎஸ்ஓ 1600, 800, 400, 200, 100 என்று ஐந்து படம் எடுங்கள். வெள்ளைப் பொட்டு சுருங்கிச் சுருங்கி, சுவரில் நீலம் எந்தப் படத்தில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஐந்தையும் அழிக்காமல், அளவைக் குறைக்காமல் எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்