குதிரை எங்கே போச்சு?

(போன இதழில் ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியட்டைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கிரேக்கத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கின்றன. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே.)

கே: உங்கள் பேச்சைக் கேட்டு இலியட் வாங்கி, கடைசிப் பக்கம் வரை படித்தேன். மரக்குதிரை வரவே இல்லை. அச்சில் பக்கம் ஏதாவது விட்டுப்போச்சா?
– கும்பகோணம் வாசகர்

ப: அச்சகத்தைத் திட்டாதீர்கள். இலியட்டில் குதிரை கிடையாது. கிரேக்கர்கள் டிராய் நகரத்தோடு பத்து வருஷம் நடத்திய போரில் கடைசி வருஷத்தின் ஐம்பது நாள் சொச்சம்தான் அதன் கதை. தலைவனோடு மனஸ்தாபம் வந்து கிரேக்க வீரன் அக்கிலிஸ் சண்டைக்கு வரமாட்டேன் என்று கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான், அதனால் அவன் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் சாகிறான், தோழனைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரை அக்கிலிஸ் கொல்கிறான், ஹெக்டருக்கு ஈமக்கடன் முடிந்ததும் காவியமும் முடிந்துவிடுகிறது. டிராய் இன்னும் விழவில்லை, அக்கிலிஸும் உயிரோடுதான் இருக்கிறான். கிரேக்க மூலத்தின் முதல் சொல்லே 'கோபம்' என்பதுதான். ஹோமர் பாட வந்தது அதைத்தான், போரை அல்ல.

குதிரை தலைகாட்டுவது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், அதுவும் பழங்கதையாக. 4-ஆம் காண்டத்தில், யாரை டிராய்க்குத் தூக்கிப்போனதால் போர் மூண்டதோ அந்த ஹெலனின் கணவன் மெனலாஸ் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிராய்க்குள் நுழையக் கிரேக்கர்கள் செய்த மரக்குதிரைக்குள் வீரர்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெலன் அதை மூன்று முறை சுற்றி வந்து தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவரவர் மனைவியின் குரலில்! ஒருத்தன் பதில் சொல்ல வாயைத் திறக்க, ஒடிசியஸ் அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்கிறான். இத்தனையும் சொல்கிறவன் கணவன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவள் ஹெலன். நாம் சின்ன வயதில் கேட்ட விரிவான குதிரைக் கதை பல நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவி வர்ஜில் லத்தீனில் எழுதியதிலிருந்து பரவியது.

கே: அப்படியானால் அக்கிலிஸின் குதிகால்?
– நாகர்கோவில் வாசகி

ப: அதுவும் ஹோமரிடம் இல்லை. ஆயுதம் துளைக்காமல் இருக்கத் தாய் அவனைக் குதிகாலைப் பிடித்து ஸ்டிக்ஸ் நதியில் முக்கியெடுத்த, அதனால் அந்த இடம் மட்டும் பலவீனமாய்ப் போன கதை நமக்குக் கிடைப்பது கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற லத்தீன் கவியிடம். இலியட்டின் 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி முழங்கை பக்கம் உரச, அக்கிலிஸுக்கு நம்மைப் போலவே ரத்தம் வருகிறது.

கே: ஹோமர் பார்வையற்றவர் என்கிறார்கள். இவ்வளவு பெரிய காவியத்தை எழுதாமல், மனசிலேயே வைத்துப் பாட ஒரு மனிதனால் முடியுமா? நம்பும்படி இல்லையே.
– சேலம் வாசகர்

ப: ஹோமர் என்று ஒருவர் இருந்தாரா, இரண்டு காவியமும் ஒரே கைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் 'முடியுமா' என்ற கேள்விக்கு விடை உண்டு. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் இதே சந்தேகத்தோடு 1933-ல் யுகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே காப்பிக் கடைகளில் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வீரக்கதை பாடுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். அலுமினியத் தகடுகளில் ஒலிப்பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். 1935-ல் அவ்தோ மெஜெதோவிச் என்பவரைச் சந்தித்தார். கசாப்புத் தொழில் செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட ஒரே பாட்டு 12,000 வரியைத் தாண்டியது, அதாவது கிட்டத்தட்ட ஒடிசி அளவு.

இதில் சூட்சுமம் என்னவென்றால், அவர்கள் மனப்பாடம் செய்வதில்லை, பாடும்போதே கட்டுகிறார்கள். சந்தத்துக்குத் தோதான தொடர்கள் தயாராகக் கையில் இருக்கும். ஹோமரிடம் 'விரைந்த காலுடைய அக்கிலிஸ்' என்று திரும்பத் திரும்ப வரும், ஆசாமி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட! விடியல் வந்தால் 'ரோஜா விரல் விடியல்' என்ற அதே அடைமொழி. இதைக் கவிஞரின் கற்பனை வறட்சி என்று நினைத்துவிடக் கூடாது. வரியின் அந்த இடத்தில் அந்தச் சொல்தான் உட்காரும், அடுத்த வரியை யோசிக்கப் பாடகனுக்கு அரை நொடி கிடைக்கும். கேட்கிறவனுக்கும் அது பழகிய முகம். பாரி அந்த வருஷமே 33 வயதில் இறந்துபோனார், அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் வேலையைத் தொடர்ந்தார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. இலங்கையின் க. கைலாசபதி, கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, இதே வழியில் சங்கப் பாட்டுகளை ஆராய்ந்தார். 1968-ல் அது ஆங்கில நூலாக வந்தது. புறநானூறும் வாய்மொழிப் பாட்டுதான் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. நானும் பாதி தூரம்தான் அவரோடு போவேன்.

கே: ராமாயணத்தைப் பார்த்துத்தான் ஹோமர் எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– திருச்சி வாசகர்

ப: வரும், வரும். மனைவியைத் தூக்கிப்போனான், கடல் தாண்டிப் போர், வில்லை வளைக்கும் போட்டி என்று ஒற்றுமைகளை அடுக்கலாம். அதை வைத்து யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. கிரேக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. இந்தியர்கள் ஹோமரின் பாட்டைத் தங்கள் மொழியில் பாடுகிறார்கள் என்று டியோ கிறிசோஸ்டம் என்ற பேச்சாளர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். மகாபாரதத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு அவர் அப்படி நினைத்திருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் ஊகம்.

கே: வெட்டு, குத்து, குடல் சரிந்தது... பாதியிலேயே அலுத்துவிட்டது. இதிலென்ன மகத்துவம்?
– பாண்டிச்சேரி வாசகி

ப: அலுப்பு நியாயம்தான். ஈட்டி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வந்தது என்பதில் ஹோமருக்கு ஒரு டாக்டரின் ஆர்வம். ஆனால் 24-ஆம் காண்டம் வரை போகாமல் புத்தகத்தை மூடாதீர்கள். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராயின் ராஜா, கிழவர் பிரியாம் இரவோடு இரவாக எதிரியின் கூடாரத்துக்கு வருகிறார். அக்கிலிஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற அதே கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார், அவருக்கும் என் வயதுதான் என்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள், அவர் ஹெக்டருக்காக, இவன் தன் தகப்பனுக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும். அப்புறம் அக்கிலிஸ் செய்வதுதான் என்னை உலுக்கிய இடம். கிழவரைச் சாப்பிடச் சொல்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நையோபிகூடச் சாப்பாட்டை நினைத்தாள் என்று பழங்கதை சொல்லி வற்புறுத்துகிறான். சாவு வீட்டில் 'ஒரு வாய் சாப்பிடுங்க' என்று நாம் கெஞ்சுவோமே, அதே குரல். ஹெக்டர் செத்ததிலிருந்து பிரியாம் அன்றைக்குத்தான் வாயில் எதையாவது வைக்கிறார். ஈமக்கடனுக்கு எத்தனை நாள் வேண்டும், அதுவரை சண்டையை நிறுத்தி வைக்கிறேன் என்றும் அக்கிலிஸே கேட்கிறான்.

கே: இனிமேல்தான் படிக்கப்போகிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்?
– யாழ்ப்பாணம் வாசகி

ப: வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒடிசியின் 9-ஆம் காண்டம், ஒற்றைக்கண் அரக்கன் கதை. இலியட் என்றால் 2-ஆம் காண்டத்தில் வரும் கப்பல் பட்டியலைத் தாண்டிவிடுங்கள், ஆயிரத்துக்கும் மேல் கப்பல், யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. நேராக 6-ஆம் காண்டத்துக்கு வாருங்கள். போருக்கு நடுவில் ஹெக்டர் மனைவியைப் பார்க்க வருகிறான். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால், தலைக்கவசத்தில் ஆடும் குதிரை மயிரைப் பார்த்து அது வீறிட்டு அழுது தாதியின் மார்பில் முகம் புதைத்துக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மறுபடியும் பிள்ளையைத் தூக்குகிறான்.