வீடியோ பார்த்து முடித்தவரின் தீர்ப்பு

கேள்வி: 'ரிவென்' என்ற பழைய கம்ப்யூட்டர் கேமை வாங்கி மூன்று வாரமாக விளையாடுகிறேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும் விளையாட்டுச் சாமானை வைத்து அந்த ஊர் எண்களைக் கற்றுக்கொண்டேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இப்போது வேறொரு தீவில், கதவைத் திறந்து ஒரு குகைக்குள் வந்து மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் வழியே இல்லை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் சிலர் 'இதுபோல் ஒரு கேம் வந்ததே இல்லை' என்கிறார்கள். சிலர் 'மண்டை காய்கிறது, காசு வீண்' என்கிறார்கள். என் அறைத் தோழன் வழிகாட்டி வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, 'இதில் ஒன்றுமே இல்லை' என்கிறான். யார் சொல்வது சரி? நானும் வீடியோ பார்த்துவிடலாமா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: உங்கள் தோழன் சொல்வதை முதலில் தள்ளி வையுங்கள், தம்பி. அவர் ரிவென் விளையாடவில்லை. யாரோ விளையாடியதை, மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அந்த வீடியோ எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் தாராளமாகச் சொல்லலாம். கேம் எப்படி இருந்தது என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

நம் தர்மபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் பக்கம் 'ஏழு சுத்துக் கோட்டை' என்று ஒன்று இருக்கிறது. தரையில் கற்களை வரிசையாக வைத்து அமைத்த பழங்காலச் சுற்றுப்பாதை. பார்த்தால் குழப்பமாகத் தெரியும். ஆனால் அதில் வழி தவறவே முடியாது. பிரிவு கிடையாது, ஒரே பாதைதான் வளைந்து வளைந்து நடுவில் போய்ச் சேரும். அது அதன் இயல்பு, அழகும்கூட. ரிவென் அப்படிக் கட்டப்பட்டதல்ல. வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால் அதுவும் ஒற்றைப் பாதையாகிவிடும். நடந்தால் போதும், முடிந்துவிடும். அப்படி நடந்து வந்தவருக்கு அதில் ஒன்றுமே இல்லாமல்தான் இருக்கும்.

இந்தக் கேமை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி நடத்திய சயான் நிறுவனம் 1993இல் 'மிஸ்ட்' என்ற கேமை வெளியிட்டது. 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002இல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை கம்ப்யூட்டர் கேம்களில் அதிகம் விற்றது அதுதான். அதன் தொடர்ச்சியாக 1997இல் ஐந்து சிடிகளில் வந்தது ரிவென். எல்லாவற்றையும் நம் கண் வழியாகவே பார்க்கிறோம். சுட வேண்டாம், ஓட வேண்டாம். ஆட்கள் அரிதாகவே கண்ணில் படும் தீவுகளில் நடந்து, பார்த்து, கேட்டு, புரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் சொன்ன அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது. கயிற்றில் ஒரு குட்டி உருவம் தொங்குகிறது. கீழே ஒரு கடல் விலங்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு குறி வரும். அந்தக் குறியின் மதிப்புக்கு ஏற்ப உருவம் படிப்படியாகக் கீழே இறங்கும். எத்தனை படி என்று எண்ணி எண்ணி ஒன்றிலிருந்து பத்து வரை நீங்களே கற்றுக்கொள்கிறீர்கள். அப்புறம் ஒரு குறியைப் பக்கவாட்டில் திருப்பினால் அதன் மதிப்பு ஐந்து மடங்காகிறது என்பது பிடிபடும். அதை வைத்து, யாரும் சொல்லித்தராத 24 வரை நீங்களாகவே எழுதிவிடலாம். நமக்குப் பத்து எப்படியோ, அவர்களுக்கு இருபத்தைந்து அப்படி. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சாமான் இன்னொன்றும் சொல்கிறது. பள்ளிக்கு வெளியே, நீர்நிலையின் மேல் அதே போன்ற நிஜத் தூக்குமரம் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீவை ஆள்கிறவனை எதிர்த்தவர்களுக்கு அதுதான் தண்டனை. அங்கே பிள்ளைகள் எண்ணைப் படிக்கும்போதே பயத்தையும் படிக்கிறார்கள். இதை எந்தப் பாத்திரமும் நம்மிடம் வந்து பேசிச் சொல்லவில்லை. எண்ணுவதற்காக அந்தச் சாமானை இருபது தடவை இறக்கிய கைக்குத்தான், திடீரென்று ஒரு கணத்தில், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைக்கும். வீடியோவில் 'இந்த எண்ணைப் போடுங்கள்' என்ற ஒரு வரி மட்டும்தான் இருக்கும்.

தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வட்டெழுத்து படிக்க வராது. ஆனால் வில்லேந்திய வீரன், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டால், மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்தவன் என்பதைக் கல்லே சொல்லிவிடும். விளக்கப் பலகையை முதலில் படித்துவிட்டுக் கல்லைப் பார்க்கிறவர்கள் அரை நிமிடத்தில் அடுத்த கல்லுக்குப் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, ரிவெனைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? இல்லவே இல்லை. சில குறைகள் உண்மையானவை, அவற்றை மூடி மறைக்க மாட்டேன். கடைசிப் பகுதியில் 25க்கு 25 கட்டங்கள் கொண்ட பலகையில் வண்ண உருண்டைகளைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். நிறக்குருடு உள்ள ஒருவருக்கு அது புதிர் அல்ல, சுவர். இன்னோர் இடத்தில் விலங்குகளின் குரல் ஒரு குறிப்பு; காது கேளாதவர் அங்கே பாதித் துணையை இழக்கிறார். அந்தக் காலத்தில் தீவு மாறும்போதெல்லாம் சிடியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்க்க நான்கு திரை தாண்டி, வண்டி ஏறி, திரும்பி வரும் அலைச்சல் இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் எழுதி 'பிடிக்கவில்லை' என்கிறவரின் கருத்துக்கு மதிப்புக் கொடுப்பேன்.

'நோட்டுப் புத்தகம் வைத்து எழுத வேண்டியிருக்கிறது' என்ற புகாரை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எழுதுவதுதான் ஆட்டமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேமை இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கேட்டால் பணத்தைத் தந்துவிடுவார்கள். வாங்குகிறவருக்கு நல்ல விதிதான். ஆனால் ரிவெனில் முதல் இரண்டு மணி நேரத்தில் என்ன கிடைக்கும்? திறக்காத கதவு, புரியாத குறி, அசையாத இயந்திரம். அந்த நேரத்தில் முடிவெடுக்கச் சொன்னால் நானே பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன். அங்கே ஒவ்வொரு ரிவியூவோடும் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது போட்டிருக்கும். கருத்தைப் படிக்குமுன் அந்த எண்ணைப் படியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்காரரும் முப்பது மணி நேரத்துக்காரரும் பேசுவது ஒரே கேமைப் பற்றியல்ல. இருவரில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்த உங்களிடம் சொந்தக் கருத்து ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிய வரியில் அதைச் சொல்லியும் விட்டீர்கள். பிறகு ஏன் அறைத் தோழனின் முகத்தைப் பார்க்கிறீர்கள்?

வீடியோ பார்க்கலாமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். அந்த வண்ண உருண்டைகளிடம் நானும் தோற்றேன். இரவு ஒரு மணி, பொறுமை போய்விட்டது, விடையைத் தேடி எடுத்துப் போட்டேன். எல்லாம் இயங்கியது. எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. மறுநாள் என் நோட்டைப் புரட்டினால், தேவையான நான்கு தகவல்களில் மூன்று என் கையெழுத்திலேயே இருந்தன. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. 2024இல் ரிவெனை முழுக்கப் புதிதாகச் செய்து, பல புதிர்களையும் மாற்றி வெளியிட்டார்கள். பழையதை அறிந்தவர்களில் பலருக்குப் பெரிய சந்தோஷம், மறுபடி ஒருமுறை மாட்டிக்கொள்ள முடிந்ததுதான். எனக்கும் அப்படித்தான்.

கண்ணோ காதோ ஒத்துழைக்காத இடத்தில் உதவி எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்ற இடங்களில் விடையைக் கேட்காமல் துப்பு கேளுங்கள். திண்ணையில் விடுகதை போடும் பாட்டி, பிள்ளைகள் திணறினால் உடனே விடையைச் சொல்ல மாட்டார். 'நம்ம வீட்டுலயே இருக்கு, பாரு' என்பார். ஆடத் தெரிந்த ஒருவர் உங்களுக்குச் செய்ய வேண்டிய உதவி அவ்வளவுதான். உங்கள் தோழனால் அதைக்கூடச் செய்ய முடியாது, அவருக்குத் தெரிந்தது விடை மட்டுமே.

என் பங்குக்கு ஒரு துப்பு. குகைக்குள் வந்தபோது கதவைத் திறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே வந்த பிறகு அதை மூடிப் பார்த்தீர்களா?